தொடையில பாயோட அச்சு: ஹெராயினும் கிட்னியும், ஒரு கேஸ்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், அந்தப் பேஷண்ட் யாருன்னு தெரியக்கூடாதுங்கறதுக்காக வயசு, வேலை, தேதி எல்லாம் மாத்தியிருக்கேன், இதே மாதிரி வந்த வேற ஒருத்தரோட சில விவரமும் இதுல கலந்திருக்கு. நோய் போன வழி மட்டும் போனபடியே இருக்கு. கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஏன்னா இந்தக் கேஸ்ல கிட்னிக்கு ரெண்டு தடவை அடி விழுந்திருக்கு, ஒண்ணு ஒரே ராத்திரியில, இன்னொண்ணு பல வருஷமா யாருக்கும் தெரியாம, அந்த ரெண்டாவதைப் பத்திச் சொல்லணும்னுதான் முக்கியமா எழுத உக்காந்தேன்.

சென்னையில நான் டூட்டி பாத்த ஒரு ஆஸ்பத்திரி. காலையில 11 மணி இருக்கும், 31 வயசுக்காரர் ஒருத்தரை ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. லோடு வண்டி ஓட்டறவர். கூப்பிட்டா கண்ணு திறக்கல, நல்லா வலிக்கிற மாதிரி அழுத்தினா மட்டும் லேசா முனகறார். மூச்சு நிமிஷத்துக்கு 6. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தா பாப்பா ரெண்டும் குண்டூசித் தலை அளவு. இந்த மூணும் சேர்ந்து இருந்தா அபினி வகை மருந்துன்னு எமர்ஜென்சியில யாரும் ரொம்ப நேரம் யோசிக்க மாட்டாங்க. கூட வந்த ரெண்டு ஃபிரெண்ட்ஸும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு கேஷ் கவுண்டர் பக்கம் போனவங்க திரும்பி வரல. அம்மா மட்டும் நின்னாங்க.

அவங்ககிட்ட சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன எடுத்தாரு?” அந்தம்மா ஒண்ணுமே இல்லம்மா, நேத்து சரியா சாப்பிடல, மயக்கம் போட்டுட்டான்னே சொல்லிட்டிருந்தாங்க. போலீசுக்குச் சொல்லிடுவோமோங்கற பயம் முகத்துலயே தெரிஞ்சுது. நான் அந்தக் கேள்விய விட்டுட்டு வேற மாதிரி கேட்டேன், “அம்மா, கடைசியா எப்போ எழுந்து நடமாடறதைப் பாத்தீங்க, காலையில பாக்கும்போது எந்தப் பக்கமா படுத்திருந்தாரு?” அதுக்கு உடனே பதில் வந்துச்சு. ராத்திரி 11 மணிக்கு மாடி ரூமுக்குப் போனான், காலையில 10 மணிக்குக் கதவைத் தட்டித் திறந்தா இடது பக்கமா சுருண்டு கிடந்தான், இடது கை உடம்புக்கு அடியில மாட்டியிருந்துச்சு, நான்தான் இழுத்து வெளிய எடுத்தேன் டாக்டரம்மான்னாங்க.

11 மணி நேரம், சிமென்ட் தரை, ஒரே பக்கம். லுங்கியை விலக்கிப் பாத்தேன். இடது தொடையோட வெளிப்பக்கத்துலேருந்து புட்டம் வரைக்கும் கோரைப்பாயோட அச்சு, ஒவ்வொரு கோரையும் தனித்தனிக் கோடா, நடுவுல பாயைத் தச்ச நூல் முடிச்சு உள்பட, தோல்ல அப்படியே பதிஞ்சு கிடந்துச்சு. அந்த இடத்தைத் தொட்டா பலகை மாதிரி கெட்டியா இருந்துச்சு. முன்கை வீங்கி பளபளன்னு, விரலெல்லாம் சில்லுன்னு. நான் கிட்னியைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சது அங்கதான், ரத்தம் லேபுக்குப் போறதுக்கு முன்னாடியே.

அபினி வகை மருந்தோட வேலையை முறிக்கற நலோக்ஸோன் ஊசி போட்டதும் நல்லா மூச்சு விட்டு கண்ணைத் திறந்தார், பேரைச் சொன்னார். எல்லாருக்கும் நிம்மதி. ஒண்ணரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா மறுபடியும் மூச்சு 7-க்கு இறங்கியிருக்கு. மறுபடி யாரோ கொண்டு வந்து குடுத்துட்டாங்களான்னு வார்டுல சந்தேகப்பட்டாங்க, பாவம் அந்தம்மாவோட பையைக்கூட துழாவினாங்க. விஷயம் அது இல்ல. ஹெராயின் ரத்தத்துல சில நிமிஷம்தான் ஹெராயினா இருக்கும், அப்புறம் மார்ஃபினா மாறிடும், அந்த மார்ஃபினை லிவர் வேற ரெண்டு பொருளா மாத்தும், அதுல ஒண்ணு மார்ஃபினை மாதிரியே மூச்சை அமுக்கக் கூடியது, அது வெளிய போறதுக்கு இருக்கற வழி கிட்னிதான். கிட்னி படுத்துட்டா அது உள்ளயே தேங்கும். நலோக்ஸோனோ ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒண்ணரை மணி நேரம்தான் தாங்கும். அதனால கிட்னி ஃபெயிலியர்ல இருக்கறவர் ஒரு ஊசியில எழுந்து உக்காந்துட்டார்னு வீட்டுக்கு அனுப்பவே கூடாது, ட்ரிப்புல தொடர்ந்து ஓட விடணும், நாங்க ஒண்ணரை நாள் ஓட விட்டோம்.

அதுக்குள்ள ஈசிஜி வந்துச்சு, டி அலை எல்லாம் கூடாரம் மாதிரி உயரமா கூர்மையா நிக்குது. ரத்தத்துல பொட்டாசியம் 7.4, உயிருக்கே ஆபத்தான அளவு. அந்த நேரத்துல கிட்னியை விட இதயம்தான் அவசரம், கால்சியம் குளூக்கோனேட், இன்சுலினோட குளூக்கோஸ், சால்பியூட்டமால் நெபுலைசர்னு ஒண்ணு மேல ஒண்ணா ஓடுச்சு. டியூப் போட்டு எடுத்த யூரின் மொத்தமே 60 மில்லி, கருப்பட்டிக் காப்பி கலர். டெஸ்ட் ஸ்டிக்கை முக்கிப் பாத்தா ரத்தம் மூணு பிளஸ்னு காட்டுது, அதே யூரினை மைக்ராஸ்கோப்ல வச்சா சிவப்பணு ஒண்ணு ரெண்டுதான். ஸ்டிக் ரத்தம்னு சொல்லி மைக்ராஸ்கோப் இல்லைன்னு சொன்னா அங்க இருக்கறது பெரும்பாலும் மயோகுளோபின், அதாவது செத்துப்போன தசையிலேருந்து கசிஞ்ச சிவப்புப் பொருள். கொஞ்ச நேரத்துல தசை செத்தா ரத்தத்துல ஏறுற சிகேங்கற நொதியோட ரிப்போர்ட் வந்துச்சு, 86,000. சாதாரணமா 200-க்குள்ள இருக்கணும். 5,000 தாண்டினாலே கிட்னிக்கு ஆபத்துன்னு கணக்கு. கிட்னி வடிகட்டாம விட்டா ரத்தத்துல ஏறுற கிரியேட்டினின் 3.9.

இப்படித் தசை செத்து அதோட சரக்கு ரத்தத்துல கொட்டறதை ராப்டோமயோலிசிஸ்னு சொல்வோம், இது புது விஷயம் இல்ல. 1941-ல லண்டன்ல குண்டு விழுந்து இடிபாட்டுல மாட்டினவங்களை மணிக்கணக்குல கழிச்சு வெளிய எடுத்தப்போ, எடுக்கறப்ப நல்லா பேசினவங்க சில நாள்ல யூரின் நின்னு செத்துப் போனாங்க, பைவாட்டர்ஸ், பீல்னு ரெண்டு டாக்டர்கள் அதை எழுதி வச்சாங்க. இங்க இடிஞ்சு விழுந்த சுவர் எதுவும் இல்ல, ஆளோட சொந்த உடம்பு எடையே அந்த வேலையைச் செஞ்சிடுது. நாம தூங்கும்போது கை மரத்துப் போனா புரண்டு படுத்துடுவோம், ஹெராயின் அந்த வலியையும் அந்தப் புரளலையும் சேர்த்து அணைச்சுடும். அடியில மாட்டின தசைக்கு ரத்தம் போகாது, செல் சாகும், உள்ள இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், மயோகுளோபின் எல்லாம் வெளிய கொட்டும். அதுவும் அந்த உறுப்பை விடுவிச்ச பிறகுதான் ரத்தம் உள்ள பாய்ஞ்சு எல்லாத்தையும் அடிச்சுட்டு வரும், அந்தம்மா கையை இழுத்து வெளிய எடுத்தாங்களே, அந்த நிமிஷத்துலேருந்து. (இதை அவங்ககிட்ட நான் சொல்லவே இல்ல, எடுக்காம இருந்திருந்தா கையே போயிருக்கும்.) மயோகுளோபின் கிட்னியோட குழாய்ல போய் அங்க இருக்கற புரதத்தோட சேர்ந்து அடைச்சுக்கும், குழாயோட சுவரையும் எரிக்கும், கிட்னிக்கு வர்ற ரத்தக் குழாயையும் சுருக்கும். மூணு பக்கத்துலேருந்தும் அடி.

இதுக்கு வைத்தியம்னா முதல்ல சலைன், வேகமா, நிறைய. முதல் 6 மணி நேரத்துல 4 லிட்டர் குடுத்தோம். யூரின் வரல, நுரையீரல்ல கரகரன்னு சத்தம் கேக்க ஆரம்பிச்சுது, நிறுத்திட்டோம். யூரின் வராத ஆளுக்கு தண்ணியை ஏத்திக்கிட்டே இருக்கறதும் ஒரு விபத்துதான். கால்சியம் 6.4-க்கு இறங்கியிருந்துச்சு, அதைச் சரி பண்ண ஆசை வரும், ஆனா பொட்டாசியத்துக்காகக் குடுத்ததைத் தவிர வேற குடுக்கல, ஏன்னா அந்தக் கால்சியம் எல்லாம் அடிபட்ட தசையில போய் படிஞ்சிருக்கு, பின்னாடி அதுவே வெளிய வரும். மூணாவது வாரம் அதே மாதிரி 11.6-க்கு ஏறிச்சு. சர்ஜன் முதல் நாளே, உள்ள ஏறின அழுத்தம் இறங்கறதுக்காக முன்கையைக் கீறித் திறந்து விட்டார், கை பிழைச்சுது. புட்டத்துல அழுத்தம் ரொம்ப நேரமா இருந்திருக்கு, தசை ஏற்கெனவே செத்திருக்கும், திறந்தா சீழ்தான் பிடிக்கும்னு விட்டுட்டார், அது சரியான முடிவுன்னுதான் நான் இப்பவும் நினைக்கறேன். ஆனா அதுக்கு அடியில போற பெரிய நரம்பு நசுங்கினதுல இடது பாதம் தொங்கிப் போச்சு.

டயாலிசிஸ் அன்னைக்கு ராத்திரியே. அங்கதான் அவரோட பழைய கதை தெரிய வந்துச்சு. ரத்தம் எடுக்க வெயின் தேடறோம், ரெண்டு கையிலயும் ஒண்ணு கூட இல்ல, கயிறு மாதிரி உருண்டு கெட்டிப்பட்டுப் போயிருக்கு. தொடை, தோள், வயிறுன்னு எல்லா இடத்துலயும் வட்ட வட்டமா பள்ளம் விழுந்த தழும்பு, வலது தொடையில ரெண்டு புண்ணு இன்னும் சீழ் வடிஞ்சுக்கிட்டு. கழுத்து வழியா டியூப் போட்டுத்தான் டயாலிசிஸ் பண்ணினோம். மூணாம் நாள் ஆளு தெளிஞ்சதும் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வாந்தி, பேதி, “உடம்பு முறுக்குது மேடம், என்னால படுக்க முடியல, நான் போறேன்”னு கழுத்து டியூபோட எழுந்து நிக்கறார். வார்டுல சிலர் அதைத் திமிர்னு எடுத்துக்கிட்டாங்க. அது வித்ட்ராவல், அதாவது பழகின போதை கிடைக்காம உடம்பு படற பாடு, அதுக்கு மருந்து இருக்கு. அந்த நேரத்துல மருந்து குடுக்காம திட்டினா பேஷண்ட் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவார், பொட்டாசியம் ஏறி வீட்டுல இதயம் நிக்கும். மனநல டாக்டர் வந்து பாத்து ஹெராயினுக்குப் பதிலா குடுக்கற, நாக்குக்கு அடியில வைக்கற பியூப்ரினார்ஃபின் மாத்திரையைக் கொஞ்சமா ஆரம்பிச்சாங்க. அதைச் சீக்கிரம் ஆரம்பிச்சா வித்ட்ராவலை அதுவே கிளப்பி விட்டுடும், கிட்னி ஃபெயிலியர்ல மார்ஃபின் சரக்கு உடம்புல ரொம்ப நேரம் தங்கறதால இன்னும் கொஞ்சம் காத்திருந்து, அறிகுறி நல்லா தெரிஞ்ச பிறகுதான் தொடங்கணும். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கும் இந்த மாத்திரை பயமில்லாம குடுக்கலாம், பெரும்பாலும் லிவர் வழியா போறதால தேங்காது. மறுநாள் காலையில இட்லி கேட்டார்.

கிரியேட்டினின் 9.2 வரைக்கும் போச்சு. 9 தடவை டயாலிசிஸ். 13-வது நாள் யூரின் 400 மில்லி, 19-வது நாள் மூணரை லிட்டர். ராப்டோவுல அழகான விஷயம் இதுதான், ஆளைப் பிழைக்க வச்சுட்டா கிட்னி பெரும்பாலும் திரும்பி வரும். எல்லாரும் டிஸ்சார்ஜ் பேப்பரை எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

நான் யூரின் பாட்டிலைப் பாத்தேன். கலர் தெளிஞ்சிருக்கு, ஆனா மேல பீர் நுரை மாதிரி நுரை, ஆட்டாமலே, அடங்காம. ஸ்டிக்ல புரோட்டீன் நாலு பிளஸ். 24 மணி நேரம் பிடிச்சு அளந்தா 6.8 கிராம், சாதாரண ஆளுக்கு 0.15 கிராம் கூட வரக்கூடாது. ரத்தத்துல இருக்க வேண்டிய ஆல்புமின்ங்கற புரோட்டீன் 1.9-க்கு இறங்கியிருக்கு. ராப்டோ ஆறி வர்றப்ப கொஞ்சம் புரோட்டீன் வரலாம், இவ்வளவு வராது. அம்மாகிட்ட கேட்டேன், இதுக்கு முன்னாடி கால் வீங்கிச்சா, முகம் வீங்கிச்சா? அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. “ஆறு மாசமா முகமெல்லாம் உப்பலா இருந்துச்சும்மா, புள்ள உடம்பு தேறிட்டான், விட்டுட்டான் போலன்னு நாங்க சந்தோஷப்பட்டோம்.”

அதாவது அந்த ராத்திரிக்கு முன்னாடியே கிட்னி ஒழுகிட்டிருந்திருக்கு.

இப்ப இது என்ன நோய்? கேஸ் ஷீட்ல யாரோ ஏற்கெனவே ஹெராயின் நெஃப்ரோபதி, அதாவது ஹெராயினால வந்த கிட்னி நோய்னு எழுதி அடிக்கோடு போட்டிருந்தாங்க. அந்தப் பேருக்கு ஒரு வரலாறு இருக்கு. 1970-கள்ல நியூயார்க்ல, குறிப்பா புரூக்ளின்ல, ஹெராயின் ஊசி போட்டுக்கிட்ட இளைஞர்கள், பெரும்பாலும் கறுப்பின ஆண்கள், நிறைய புரோட்டீன் ஒழுகி சில வருஷத்துல டயாலிசிஸுக்கு வந்தாங்க, பயாப்சியில கிட்னியோட வடிகட்டிகள் அங்கங்க தழும்பாகியிருந்துச்சு, எஃப்எஸ்ஜிஎஸ்னு சொல்வோம். 1974-ல ராவ், நிகாஸ்ட்ரி, ஃப்ரீட்மேன்ங்கற டாக்டர்கள் அதை எழுதினாங்க. 1984-ல அதே ஊர்லேருந்து எச்ஐவியால வர்ற கிட்னி நோயும் பதிவாச்சு, ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறதே கஷ்டமாச்சு. 1990-கள்ல பாத்தா அந்தப் பழைய நோய் புரூக்ளின்ல காணாமப் போயிடுச்சு, புதுசா டயாலிசிஸுக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்கூட அந்தக் காரணத்தோட வரல, அதே ஃப்ரீட்மேன்தான் 1995-ல அதையும் எழுதினார். ஹெராயின் எடுக்கறது குறைஞ்சதால இல்ல, தெருவுல விக்கற சரக்கோட சுத்தம் கூடினதால, முன்னாடி கலந்த கலப்படம்தான் காரணமா இருக்கலாம்னு அவங்க யூகிச்சாங்க. அதே காலத்துல ஐரோப்பாவுல ஊசி போட்டுக்கிட்டவங்க பயாப்சியில வேற படம் தெரிஞ்சுது, அதுல பெரும்பங்கு ஹெபடைடிஸ் சி. 2010-ல ஆப்போஎல்1ங்கற மரபணு மாற்றம் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இந்தத் தழும்பு நோயைக் கூட்டுதுன்னு தெரிஞ்ச பிறகு பழைய புரூக்ளின் கதையையே வேற கண்ணோட பாக்க வேண்டியிருக்கு. இவ்வளவு இருக்கறப்ப சென்னையில ஒரு தமிழ் ஆளுக்கு அந்தப் பேரை ஒட்டிட்டு மூடி வைக்கறது எனக்கு ஒத்துக்கல. ஹெராயின்னு ஒரே சொல்லுக்குள்ள அந்த மருந்து, அதுல கலந்தது, ஊசி, ஊசியில வந்த கிருமி, எல்லாம் இருக்கு, எது கிட்னியைத் தொட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம்.

தேடினோம். எச்ஐவி இல்ல. ஹெபடைடிஸ் பி இல்ல. ஹெபடைடிஸ் சி இருந்துச்சு, வைரஸ் எண்ணிக்கையும் அதிகம். உடனே எல்லாரும் அதுதான்னாங்க, ஆனா அந்த வைரஸ் கிட்னியை அடிச்சா வழக்கமா ரத்தத்துல காம்ப்ளிமென்ட் சி4ங்கற எதிர்ப்புச் சக்திப் புரதம் இறங்கும், யூரின்ல சிவப்பணு வரும், இவருக்கு ரெண்டும் இல்ல. எக்கோவுல இதய வால்வுல கிருமிக் கட்டி இல்ல. ஸ்கேன்ல கிட்னி 12.8 சென்டிமீட்டர், இவ்வளவு நோய்க்கு அப்புறமும் பெருசாவே இருக்கு. பயாப்சி பண்ணினோம். காங்கோ ரெட் சாயம் ஏத்தி துருவ ஒளியில வச்சுப் பாத்தப்போ வடிகட்டி முழுக்க பச்சை ஆப்பிள் நிறத்துல மின்னுச்சு. ஏஏ அமிலாய்டோசிஸ், அதாவது ஒரு புரதம் உறுப்புகள்ல படிஞ்சு கெடுக்கற நோய்.

இது எப்படி வந்துச்சுன்னு அவரே சொன்னதை வச்சுக் கோர்த்தேன். 20 வயசுல ஃபாயில்ல வச்சுப் புகையா இழுத்தார். பிறகு வெயின்ல ஊசி. 4 வருஷம் முன்னாடி வெயின் எல்லாம் அடைஞ்சு போச்சு, தோலுக்கு அடியிலயே போட ஆரம்பிச்சார். தோலுக்கு அடியில போகற அழுக்கு அங்கயே தங்கி சீழ் கட்டும், ஒண்ணு ஆறறதுக்குள்ள அடுத்தது. உடம்புல எங்கயாவது சீழ் இருந்துக்கிட்டே இருந்தா லிவர் சீரம் அமிலாய்டு ஏன்னு ஒரு புரதத்தை விடாம தயாரிக்கும், பல வருஷம் அது கூடுதலாவே இருந்தா மடிஞ்சு இழை இழையாகி உறுப்புகள்ல படியும், அதிகமா அடிபடற இடம் கிட்னி. நம்ம ஊர்ல காசநோய், ரொம்ப நாள் மூட்டுவாதம் இருக்கறவங்ககிட்ட பாக்கறோமே அதே நோய்தான். தோலுக்கு அடியில ஹெராயின் போடறவங்ககிட்ட இது வருதுன்னு அமெரிக்காவுல 1980-கள்லேயே எழுதிட்டாங்க, ஜெர்மனியிலேருந்தும் பதிவு இருக்கு. ஹெராயின் மூலக்கூறு எதையும் படிய வைக்கல. ஆறாத புண்ணுதான் படிய வச்சுது.

ஆறாத புண்ணை யாருமே பாக்கலையான்னா, பாத்திருக்காங்க. ரெண்டு வருஷத்துல மூணு தடவை வேற வேற இடத்துல போய் சீழைக் கீறி கட்டுப் போட்டு, நல்லா திட்டும் வாங்கிட்டு வந்திருக்கார். அந்தச் சீட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில மடிச்சு வச்சிருந்தாங்க அம்மா, மூணுலயும் ஆன்டிபயாட்டிக் பேரும் டைக்ளோஃபெனாக்ங்கற வலி மாத்திரையும் இருக்கு, யூரின் டெஸ்ட் ஒண்ணுலயும் இல்ல. ஒரு ஸ்டிக்கை முக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகும். புரோட்டீன் ஒரு பிளஸ் இருந்த காலத்துலயே தெரிஞ்சிருக்கும். இதை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரமா வருது. வித்ட்ராவல்ல கை கால் குடைச்சலுக்கு அவரும் மெடிக்கல் ஷாப்புல அதே டைக்ளோஃபெனாக்கை வாங்கி வாங்கிப் போட்டிருக்கார், ஒரு நாளைக்கு நாலு அஞ்சு, வாந்தி பேதியில உடம்பு வறண்டு கிடக்கறப்பவும். கிட்னிக்கு அதுவும் ஒரு அடி.

அமிலாய்டுக்குன்னு நேரடியா கரைக்கற மருந்து இல்ல, அதை ஊட்டற வீக்கத்தை நிறுத்தறதுதான் வைத்தியம். தொடைப் புண்ணு ரெண்டையும் சுத்தமா வெட்டி எடுத்து தோல் ஒட்டினாங்க. பியூப்ரினார்ஃபின் தினமும், போதை சிகிச்சை மையத்துக்குப் போய், அவங்க கண்ணு முன்னாடி. ஹெபடைடிஸ் சிக்கு சோஃபோஸ்புவிர் வெல்பட்டாஸ்விர் 12 வாரம், 2018-லேருந்து தேசியத் திட்டத்துல இலவசமாவே கிடைக்குது, முடிச்சு மூணு மாசம் கழிச்சுப் பாத்தப்போ வைரஸ் இல்ல. பாதத்துக்கு ஸ்பிளின்ட். வலி மாத்திரைகள்ல பாராசிட்டமால் தவிர எதையும் தொடாதீங்கன்னு சீட்டோட மேல பெருசா எழுதிக் குடுத்தேன்.

போலீஸ் பயம் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இந்தக் கேஸ்ல தாமதம் ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம். 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, அடிமையானவர் தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா, போதைப்பொருள் எடுத்ததுக்காகவும் சிறு அளவு வச்சிருந்ததுக்காகவும் வழக்குலேருந்து பாதுகாப்பு உண்டு, சிகிச்சையைப் பாதியில விட்டா அந்தப் பாதுகாப்பு போகலாம். 2019-ல வந்த தேசிய ஆய்வு நாட்டுல ஊசி வழியா போதை எடுக்கறவங்க சுமார் 8.5 லட்சம் பேர்னு சொல்லுது. அவ்வளவு வீட்டுலயும் இந்தம்மா மாதிரி ஒருத்தர், மயக்கம் போட்டுட்டான்னு சொல்லிட்டு நிக்கறவங்க இருப்பாங்க. போதை மீட்புக்கான தேசிய ஹெல்ப்லைன் 14446-க்கு ஃபோன் பண்ணினா யாரும் பேர் கேட்டு மிரட்ட மாட்டாங்கன்னு அவங்களுக்கு யாராவது சொல்லணும்.

மூணாவது மாசம் ஒரு தடவை சறுக்கினார். நாலு நாள் காணோம், அஞ்சாம் நாள் அவரே வந்து வெளிய பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தார், நான் எதுவும் கேக்கல, தொடையைக் காட்டச் சொன்னேன், புதுப் புண்ணு இல்ல, யூரினுக்கு அனுப்பினேன், மாத்திரை மறுபடி தொடங்கினோம்.

இப்ப 14 மாசம். புரோட்டீன் 6.8-லேருந்து 3.1 கிராமுக்கு வந்திருக்கு, ஆல்புமின் 3, கிரியேட்டினின் 1.9-லயே நிக்குது. ஏற்கெனவே படிஞ்சது அவ்வளவு சீக்கிரம் போகாது, ஒரு நாள் டயாலிசிஸ் வரலாம்னு அவருக்கும் சொல்லிட்டேன், வந்தா கையில ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக வெயினை ஆர்ட்டரியோட சேர்க்கற இணைப்பு, போட வெயின் இல்லைங்கறதையும். மாசா மாசம் 24 மணி நேர யூரினை அம்மாதான் அஞ்சு லிட்டர் கேன்ல தூக்கிட்டு வர்றாங்க, பஸ்ல, ஒரு துணிப்பையில சுத்தி. போன தடவை கேனை என் டேபிள் பக்கத்துல வச்சுட்டு, வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டி, “நுரை பாருங்கம்மா, போன மாசத்துக்கு இப்ப கம்மி இல்ல?”ன்னாங்க. கம்மிதான்.